பத்து நிமிஷத்தார் ஓவனுக்கு மண் பூசிய கதை

இவ்வுலகத் துன்பங்கள் அனைத்துக்கும் ஒரே காரணம்தான்: எதையோ யாரோ பத்து நிமிஷம் முன்னதாகத் திறந்துவிட்டார்கள். போர்கள், மணமுறிவுகள், ஆட்சிக் கவிழ்ப்புகள், பொங்கல் அடிப்பிடித்தல் எல்லாம் இதில் அடக்கம். இப்படி உறுதியாக நம்பி, அந்த நம்பிக்கையின்படியே வாழ்ந்து காட்டிய ஒரு மனிதரை விருத்தாசலத்தில் ஐந்து ஆண்டுகள் பக்கத்து வீட்டிலிருந்து கவனிக்கும் பேறு எனக்கு வாய்த்தது.

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருடைய ரேஷன் அட்டையில் இருந்தது. ஊரில் அதை அறிந்தவர் எவருமில்லை. பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை சுடுவது அவர் வேலை. எரிந்து முடிந்த சூளையை எப்போது திறக்கலாம் என்று யார் கேட்டாலும், "இன்னும் பத்து நிமிசம்" என்பார். சூளை முழுதாக ஆற ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். அந்த நேரம் முழுவதையும் அவர் பத்துப் பத்து நிமிஷங்களாகவே வழங்கிவந்தார். ஊர் அவரைப் பத்து நிமிஷத்தார் ஆக்கிவிட்டது.

நியாயமாகச் சொன்னால், இந்தக் கொள்கைக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. இருபது வயதில் ஒருமுறை, முதலாளியின் நச்சரிப்புக்கு இணங்கி, சூளை வாயை அடைத்திருந்த செங்கல்லை முன்னதாகவே உருவியிருக்கிறார். குளிர்காற்று பட்டதும் உள்ளே வரிசையாக நின்ற பீங்கான் பொம்மைகள் "டிங்... டிங்..." என்று ஒவ்வொன்றாக வெடித்தன.

"ஒரு லோடு பொம்ம, டீச்சரம்மா. ஒண்ணு பாக்கியில்லாம தலைய கழட்டி என் முன்னாடி வெச்சிடுச்சிங்க. அந்தச் சத்தம் இன்னிக்கும் காதுல இருக்குது."

தொழிற்பேட்டைப் பெண்களுக்கு நான் மாலை வகுப்பு நடத்திவந்தேன். அதனால் அவருக்கு நான் டீச்சரம்மா.

சூளைக்குப் பொருந்திய சட்டத்தை அவர் அகிலத்துக்கும் விரிவுபடுத்தினார். கடிதம் வந்தால் உடனே பிரிக்க மாட்டார். அலமாரியின்மேல் "ஆற" வைப்பார். ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணப் பத்திரிகை அப்படி ஆறி முடிந்தபோது மணமக்கள் மறுவீடே போய்த் திரும்பியிருந்தார்கள். புதிய தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது, "வெயில்ல லாரில வந்திருக்குது, உள்ள சூடு இருக்கும்" என்று இரண்டு நாள் அட்டைக்குள்ளேயே வைத்திருந்தார். அவர் மனைவி லில்லி அக்கா அந்த அட்டைப்பெட்டியின் எதிரே அமர்ந்து, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ஒலியைச் சுவர் வழியே கேட்டுச் சீரியல் 'பார்த்தார்'. குக்கர் மூடியைத் தொட்டுப் பார்த்து, அது குளத்துக் கல்லைப்போல் குளிர்ந்திருந்தால்தான் திறக்க அனுமதி. எட்டு ஆண்டு இல்வாழ்க்கையில் சுடுசோறு என்பதை லில்லி அக்கா பிறர் வீட்டு விசேஷங்களில்தான் கண்டார்.

ஆயினும் இந்தக் கொள்கையின் சமூகப் பயனை மறுப்பதற்கில்லை. ஒருமுறை ஜங்ஷன் சாலையில் ஒரு ஆட்டோக்காரரும் ஒரு லாரி ஓட்டுநரும் சட்டைக் காலரைப் பற்றியபடி நின்றார்கள். பத்து நிமிஷத்தார் நடுவில் புகுந்து, "அடிச்சிக்கிங்க, வேணாங்கல. பத்து நிமிசம் கழிச்சி அடிச்சிக்கிங்க" என்றார். காலரைப் பற்றிய நிலையிலேயே இருவரும் காத்திருந்தார்கள். ஆறாவது நிமிஷத்தில் ஆட்டோக்காரருக்குக் கை வலித்தது. எட்டாவது நிமிஷத்தில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் தம் வாழ்வில் இரண்டாவது முறை அவசரப்பட்டது லில்லி அக்கா விஷயத்தில்தான்.

லில்லி அக்காவின் ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். தந்தை புதுச்சேரியில் ஒரு துரை வீட்டில் முப்பது ஆண்டுகள் சமையல்காரராக இருந்தவர்; ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். இவரோ கருவேப்பிலங்குறிச்சி விவசாயக் குடும்பத்து இந்துப் பிள்ளை. இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மூன்றாம் நாளே ஆசீர்வாதம் வாங்கப் போய் நின்றார்கள். பெரியவர் கதவைச் சாத்தினார். சாத்தியது சாத்தியதுதான்.

"மூணு நாளுக்குள்ள போய் நின்னது என் தப்பு, டீச்சரம்மா" என்று பத்து நிமிஷத்தார் ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஆறவேயில்ல. நான் செங்கல்ல உருவிட்டேன்."

எட்டு ஆண்டுகள் ஆறவிட்டார். லில்லி அக்கா அழும்போதெல்லாம் பத்துப் பத்து நிமிஷமாகத் தவணை சொல்லிவந்தார். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு வாக்கில், மின்வெட்டு நேர அட்டவணை போட்டு வந்துகொண்டிருந்த ஒரு நாளில், பெரியவரே தொலைபேசியில் கூப்பிட்டார். ஞாயிறு பூசை முடித்து வருவார், மகளைப் பார்ப்பார், இரண்டரை மணிப் பேருந்தில் திரும்பிவிடுவார்.

"கை நனைக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு, டீச்சரு" என்றார் லில்லி அக்கா. கண் நிறைந்திருந்தது. "ஒரு வாய் தண்ணிகூட வேணாமாம்."

மருமகன் வீட்டில் சாப்பிடாமல் திரும்பும் மாமனார், வராத மாமனாரைவிட அதிகத் தொலைவில் இருப்பவர். இது எங்கள் வரிசை வீடுகள் ஐந்துக்கும் தெரியும்.

பத்து நிமிஷத்தார் சிந்தித்தார். நாட்டுக்கோழி அடிக்கலாம் என்றேன். "கோழிய அவரு எங்க வேணாலும் தின்பாரு" என்று தள்ளிவிட்டார். பிறகு லில்லி அக்காவிடம் விசாரணை நடத்தினார். அவருடைய சிறுவயதில், கிறிஸ்துமஸ் இரவுகளில் அப்பா துரை வீட்டிலிருந்து வாழை இலையில் மடித்து ஒரு துண்டு கொண்டுவருவாராம். பன்றியின் வயிற்றுக் கறி; தோலோடு முழுத் துண்டாக ஓவனில் வைத்துச் சுட்டது. கறி பஞ்சுபோல் இருக்கும். தோல் அப்பளம்போல் நொறுங்கும். துரை ஊர் திரும்பிய பிறகு பெரியவர் அதைச் சமைக்கவுமில்லை, சாப்பிடவுமில்லை.

"நம்ம வூட்லதான் ஓவன் இருக்குதே" என்றார் பத்து நிமிஷத்தார்.

இருந்தது. துணிக்கடைத் தீபாவளிக் குலுக்கலில் லில்லி அக்காவுக்கு விழுந்த பரிசு. அதற்குள் நான்கு ஆண்டுகளாக அப்பளக் கட்டும் மின்சார வாரிய அட்டையும் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்துவிட்டு அதன் குமிழைத் திருகிப் பார்த்தவர், சிரித்துவிட்டார்.

"இருநூத்தம்பது டிகிரியோட முடிஞ்சிபோச்சா? நம்ம சூளை கண்ணு முழிக்கிறதே அறுநூறுலதான்!"

இனி விளைவுகளைப் பற்றி யோசித்தே ஆக வேண்டிய இடம். எங்கள் வரிசை வீடுகளின் உரிமையாளரை ஓனரம்மா என்போம். முதல் வீட்டில் குடியிருப்பவர்; சுத்த சைவம். முன்கேட்டில் 'மாமிசம், கருவாடு கூடாது' என்று பெயின்டில் எழுதியிருப்பார். முட்டைக்கு மட்டும் சன்னலைச் சாத்திக்கொண்டு அவிக்க வாய்மொழி அனுமதி உண்டு. அவருடைய மூக்கின் ஆற்றல் தனி வரலாறு. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் என்றைக்குக் கரும்பு அரவை தொடங்கியது என்பதை வீட்டிலிருந்தபடியே சொல்வார் என்பார்கள். குடியிருப்பவரின் உணவை வீட்டுக்காரர் தீர்மானிப்பது அநீதி என்பது என் கருத்து. ஒப்புக்கொண்டு குடிவந்த பிறகு ஒளித்துச் சமைப்பதும் நேர்மையன்று என்பதும் என் கருத்தே. எனவே, வெளிப்படையாகப் பேசி அனுமதி பெறுவதென்று சனிக்கிழமை காலை ஓனரம்மா முன் போய் நின்றேன்.

"என்ன?" என்றார், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

சாக்கடை அடைப்பைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசிவிட்டுத் திரும்பினேன்.

அதற்குள் பெண்ணாடம் சாலையிலுள்ள ஒரு வெண்பன்றிப் பண்ணையிலிருந்து கறி வந்துவிட்டது, களிமண் மூட்டைச் சாக்கில் மறைந்து, டி.வி.எஸ். ஐம்பதில். பத்து நிமிஷத்தார் அதுவரை பன்றிக்கறியைத் தின்றதுமில்லை, தொட்டதுமில்லை. துண்டைப் பலகையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"டீச்சரம்மா, இங்க பாருங்க. கீழ கறி, நடுவுல கொழுப்பு, மேல தோலு. பொம்மைக்கு மண்ணு, அதுமேல வெள்ள மண்ணுப் பால், அதுமேல பளபளப்புக்குக் கிளேசு. அதே மூணு அடுக்கு! இதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்குது?"

அந்தக் கணத்திலிருந்து அது அவருக்குக் கறியாக இல்லை. சுடப்படாத பீங்கானாக இருந்தது. உப்பு, மிளகு, பூண்டு, வினிகர் எல்லாம் லில்லி அக்கா தடவினார். மற்றவை சூளை முறைப்படி நடந்தன. பச்சைப் பொம்மையை நிழலில் காயவைப்பதுபோல், கொசுவலை போர்த்தி, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் காயவைத்தார். "வெயில்ல காஞ்சா கோணிக்கும்" என்று விளக்கமும் கொடுத்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சுடுதல் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்து இரவலாகக் கொண்டுவந்த சூடளக்கும் மீட்டரின் கம்பியை ஓவனுக்குள் நுழைத்தார். பிறகு, நான் தடுப்பதற்குள், ஒரு வாளிக் குழைத்த களிமண்ணை எடுத்து, சூளை வாயை அடைப்பதுபோலவே, ஓவன் கதவைச் சுற்றிலும் பூசினார். கண்ணாடி மறைந்தது. கம்பெனிப் பெயர் மறைந்தது. சன்னலோரம் ஒரு கரையான் புற்று உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நடுவில் சுண்டுவிரல் அளவு ஒரு பார்வைத் துளை. அதற்கும் ஒரு மண் தக்கை.

"எதற்கு இது?"

"சூடு வெளிய போகாது. வாசனையும் வெளிய போகாது. ஓனரம்மா மூக்குக்கே செங்கல் வெச்சிட்டேன்."

ஒரே பூச்சில் அறிவியலையும் சட்டத்தையும் வென்றுவிட்ட பெருமிதம் அவர் முகத்தில். முன்னெச்சரிக்கையாக நான் என் வீட்டில் சாம்பிராணி போட்டேன். காலை பத்து மணிக்குள் மூன்று முறை போட்டுவிட்டதால், என் அம்மா இருமிக்கொண்டே, "யாருக்குடி என்ன ஆச்சு?" என்றார்.

பதினொன்றுக்குக் கரண்ட் போயிற்று. அட்டவணைப்படி ஒன்றுக்குத்தான் திரும்பும்; அன்றோ ஒன்றுக்கும் திரும்பவில்லை. லில்லி அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷத்தார் மட்டும் அசையவில்லை. ஓவனைச் சுற்றிப் பழைய போர்வையைச் சுற்றி, அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். "மண்ணு பூசின சூளைக்குக் கரண்ட் எதுக்கு? உள்ள இருக்கிற சூட்லியே வேவும்."

பன்னிரண்டரைக்குப் பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. மகளின் தலையில் கை வைத்தார். சிறிது நேரம் எடுக்கவில்லை. மருமகனைப் பார்த்தார், பார்க்காததுபோல் உட்கார்ந்தார். தண்ணீர்ச் செம்பை மகள் நீட்டியபோது, "இருக்கட்டும்மா" என்று கீழே வைக்கச் சொன்னார்.

அதன் பின்னர் நடந்த உரையாடல் முழுவதும் என் வழியாகவே நடந்தது. ஆறடி அகல அறையில், தமிழிலிருந்து தமிழுக்கு நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன்.

"டீச்சரம்மா, அது என்னான்னு அவர கேளுங்க" என்றார் பெரியவர், மண் புற்றைப் பார்த்து.

"ஓவன்னு சொல்லுங்க, டீச்சரம்மா" என்றார் மருமகன்.

"ஓவன்" என்றேன்.

"ஓவனுக்கு எதுக்கு மண்ணுன்னு கேளுங்க."

"உள்ள மாமாவுக்குப் புடிச்சது வேவுதுன்னு சொல்லுங்க."

பெரியவரின் மூக்கு மட்டும் ஒருமுறை அசைந்ததாக எனக்குப் பட்டது. அரை மணி நேரம் மகளிடம் மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார். ஒன்றரை ஆயிற்று. மீட்டர் முள் நூற்றுக்கு மேலே நின்றது. எண்பதுக்கு வரும்வரை திறக்கக் கூடாதென்பது சூளைக்காரரின் தீர்ப்பு.

"ஏங்க, தொறந்துடுங்க" என்று லில்லி அக்கா காதோரம் கெஞ்சினார்.

"இன்னும் பத்து நிமிசம்."

"அப்பா கெளம்பிடுவாருங்க."

"பத்தே நிமிசம், லில்லி."

இரண்டேகால் மணிக்குப் பெரியவர் எழுந்தார். குடையை எடுத்தார். "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி. போயிட்டு வரேம்மா" என்று வாசலில் செருப்பில் கால் நுழைத்தார். செம்புத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. லில்லி அக்கா அழவில்லை. அதுதான் பார்க்க முடியாததாக இருந்தது.

பத்து நிமிஷத்தார் மீட்டரைப் பார்த்தார், தொண்ணூற்றைந்து. மனைவியைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த சுத்தியலை எடுத்தார். ஒரு லோடு பொம்மைகளின் தலைகள் விழும் ஓசை அவர் காதில் அப்போது கேட்டிருக்க வேண்டும். இருபது ஆண்டுக் கொள்கையை அவர் அந்தப் பெண்ணுக்காக உடைக்கப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது. சுத்தியல் உயர்ந்தது.

"டீச்சரம்மா!" வாசலிலிருந்து பெரியவரின் குரல். "தொறக்க வேணாம்னு சொல்லுங்க."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

பெரியவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, போர்வையை விலக்கி, மண்ணின்மேல் உள்ளங்கையை வைத்தார். தக்கையை உருவிப் பார்வைத் துளையில் மூக்கை வைத்தார். கண்களை மூடி வெகுநேரம் அப்படியே நின்றார்.

"வெந்த கறி உடனே காத்துபடக் கூடாது. சாறு எல்லாம் ஓடிப்பூடும்" என்றார். "இன்னும் பத்து நிமிசம் கெடக்கட்டும்னு சொல்லுங்க."

நான் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. சூளைக்காரர் சுத்தியலை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமனார் எதிரே நாற்காலியில். பத்து நிமிஷம் இருவரும் ஒரு மண் புற்றைப் பார்த்தபடி இருந்தார்கள்.

பெரியவர் தலையசைத்த பிறகுதான் மண் உடைந்தது. கறி விரல் பட்டாலே பிரியும் பதத்தில் இருந்தது. ஆனால், ஆவி வெளியே போக வழியில்லாமல் தோல் நனைந்த செருப்பைப்போல் கிடந்தது. மருமகன் முகம் தொங்கிற்று. பெரியவர் மேலும் கீழும் பார்த்தார்.

"தோலு மொறுமொறுங்கணும். கரண்ட் இல்ல... கரி இஸ்திரிப் பொட்டி இருக்குதான்னு கேளுங்க."

எங்கள் வரிசையில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

நான் போனேன். ஓனரம்மா முற்றத்தில் அந்தப் பெட்டியை வைத்துத்தான் புடவை தேய்த்துக்கொண்டிருந்தார். கரி கனன்றது.

"பொட்டி வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

சாக்கடை மறுபடியும் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினேன். "பன்றிக்கறிக்கு" என்றேன்.

ஓனரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில பத்து மணிலேர்ந்து தெரியும். சாம்பிராணி போட்டா பன்னி பசுவாயிடுமா?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அப்பன்காரரு கை நனைச்சாரா?" என்று கேட்டார்.

"இதை வைத்துத்தான் நனைக்க வைக்க வேண்டும்."

ஓனரம்மா அடுக்களையிலிருந்து இன்னும் இரண்டு கரண்டி நெருப்பை அள்ளிப் பெட்டியில் போட்டு, பிடியைத் துணியால் சுற்றி என் கையில் கொடுத்தார். "தூக்கிட்டுப் போ. திரும்பக் கொண்டாந்துடாத. அது இனிமே அந்த வூட்டுப் பொட்டி."

மருமகன் சூளைக் கையுறை போட்டுக் கறித் தட்டைப் பிடித்தார். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டி, கனன்ற பெட்டியைத் தோலின்மேல் வைத்து மெல்ல இழுத்தார். சட்டை தேய்ப்பதுபோல் அவ்வளவு பதமாக. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, "டிக்" என்று ஓர் ஓசை. "டிக்... டிக்டிக்..."

பத்து நிமிஷத்தார் வெளிறிப்போனார். "வெடிக்குது! ஐயோ, எடுங்க, எடுங்க! வெடிக்குதுங்க!"

அப்போதுதான், எட்டு ஆண்டுகளில் முதல்முறையாக, இடையில் என்னை வைக்காமல் பெரியவர் பேசினார்.

"ஆடாம புடிங்க, மாப்ளே! வெடிக்கணும். வெடிச்சாத்தான் ருசி."

தட்டு ஆடியது. கையுறைக்குள்ளிருந்த கைகள் அல்ல, தோள்கள் குலுங்கின. பெரியவர் அதைப் பார்க்காததுபோல் இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டரை மணிப் பேருந்து போயிற்று. நாலரை மணிப் பேருந்தும் போயிற்று. பெரியவர் மூன்று முறை சோறு வாங்கினார். தோலின் கடைசித் துண்டை மகளுக்கு, சிறு பிள்ளைக்குக் கொடுப்பதுபோல், வாழை இலையில் மடித்துக் கொடுத்தார். எல்லோரும் உண்டு முடித்தும் மருமகன் மட்டும் தம் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ளே?"

"ஆறட்டும் மாமா. பத்து நிமிசம்."

பல ஆண்டுகளுக்குப் பிறகு, சென்ற மாதம் விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நரைத்துவிட்டார். தோளில் துண்டு, கையில் ஒரு குடை. மாமனார் சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிறாராம். மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் வருகிறாராம். முழங்கால் வலியால் பேருந்துப் படியில் தனியாக இறங்க முடியாதாம். லில்லி அக்கா வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மூட்டிக்கொண்டிருக்கிறாராம். எனக்கு அவசர வேலை இருந்தது. என் பேருந்தும் நின்றுகொண்டிருந்தது. கிளம்புகிறேன் என்றேன்.

"மாமாவ பாத்துட்டுப் போங்க, டீச்சரம்மா. இன்னும் பத்து நிமிசம்" என்றார்.

இரண்டு பேருந்துகளை விட்டேன்.